பீரோ அண்ணன் கேக் ஏற்றிய படலம்

முதுகெலும்பே, முதற்கண் உன்னைப் போற்றுகிறோம். முழங்கால் மூட்டே, உனக்கும் ஒரு கும்பிடு. மாடிப்படிகளில் உறையும் கல்நெஞ்சக்காரியே, இன்று ஒரு பொழுதாவது உன் வழவழப்பை அடக்கிக்கொண்டு வழிவிடுவாயாக. ஏனெனில் யாம் உரைக்கப் புகுவது, இரும்புப்பெட்டி ஏந்திய தோளினன், குளிர்பெட்டி சுமந்த முதுகினன், வீடு மாற்றும் லாரியின் பின்பலகையில் கால் தொங்க அமர்ந்து தெருத்தோறும் புகழ் நட்டவன், எத்தகைய பீரோவையும் கழற்றாமலே எத்தகைய வாசலிலும் நுழைத்துவிடும் கைத்திறனால் பெற்றோர் இட்ட பெயர் மறைந்து 'பீரோ' என்னும் பெயரே நிலைத்துவிட்ட பெருவீரன், தன் இல்லாளின் நாற்பதாம் பிறந்தநாளுக்கு ஒரு கேக்கை மேல்மாடிக்கு ஏற்றிய போரின் வரலாறு.

அப்போரின் மூலம் ஒரு சட்டைக் காலர். வீரனின் மனைவி மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கும் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். எந்நாளும் எவரெவர் பெயரோ குத்திய துணிகளையே கையாண்டு கையாண்டு, தனக்கென ஒரு பெயர் உண்டென்பது சம்பள நாளில் மட்டும் நினைவுக்கு வரும் நிலையில் வாழ்ந்தவள். ஒரு மாலை, கணவனின் காலரை இஸ்திரி போட்டபடியே அவள் சொன்னாள்:

"வீட்டுல எல்லாருக்கும் நான்தான் கேக் வெட்டித் தட்டுல வெச்சுக் குடுத்திருக்கேன். என் பேரு போட்ட கேக்கு எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும்."

மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வாள் அல்லவா, அந்தக் குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் காலரைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். ஆனால் சுவரோரம் அமர்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த வீரனின் செவியில் அது போர்முரசாய் விழுந்தது. தைலப் புட்டியை மூடி அவன் எழுந்த வேகத்தில், மூடி சரியாக மூடப்படவில்லை என்பதையும் இவ்விடத்தில் பதிந்துவைப்போம்.

மறுநாளே கூடியது போர்மன்றம். தலைமை ஏற்றவன் மனைவியின் தமையன். செருப்புக் கடையின் மேற்பார்வையாளன். நின்றவாறே பேசி, உட்கார்ந்திருப்பவர்களை மேலும் உட்காரவைக்கும் ஆற்றல் படைத்தவன். பலூனைத் தனதென்றான். நாற்காலியைத் தனதென்றான். விருந்தினரை வரவேற்பதும் பாட்டுப் போடுவதும் நன்றியுரையும் தனதென்றான். எஞ்சி நின்றது கேக். அதன்மீதும் அவன் கை நீண்டபோது வீரன் தொண்டையைச் செருமினான்.

"கேக்கு நான் கொண்டாறேன் மச்சான்."

"வேணாம் மாப்ள. உங்களுக்குத் தூக்கத் தெரியும், வைக்கத் தெரியாது. என் மீன்தொட்டியக் கேட்டுப் பாருங்க."

மச்சான் வீடு மாறிய நாளில், மூன்று தெரு கடந்து ஒரு துளி சிந்தாமல் வந்த மீன்தொட்டி, தரையில் வைத்த கணத்தில் அடியோடு விரிசல் விட்டதும், கூடத்தில் மீன்கள் செருப்புகளுக்கிடையே துள்ளியதும், அதன்பின் எந்தக் குடும்ப நிகழ்விலும் அந்தக் கதை சொல்லப்படாமல் காப்பி பரிமாறப்பட்டதில்லை என்பதும் அனைவரும் அறிந்தவை. ஆயினும் வீரன் எழுந்தான். எழுந்து, அவையதிர அல்ல, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சூளுரைத்தான்:

"அவ பேருல ஒரு எழுத்து கலையாம மேஜைல வெப்பேன். இல்லன்னா இனிமே யாரும் என்னப் பீரோன்னு கூப்பிட வேணாம்."

மனைவி அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் சற்று நின்று, மீண்டும் தொடங்கியது.

நாள் வந்தது. அடுமனையின் கண்ணாடிப் பேழைக்குள், பனிமலையொன்றைத் தட்டிச் சமன்செய்து அதன் உச்சியில் செந்நிறத்தால் ஒரு பெண்ணின் பெயரைத் தீட்டி வைத்தாற்போல் வீற்றிருந்தது கேக். எழுத்துகள் உள்ளங்கை அளவு. வீரனே கேட்டு எழுதச்செய்த அளவு அது. அதைப் பெட்டியிலிட்டு மூடிய கேக் கடைக்காரன் ஒரே ஒரு அறிவுரைதான் கூறினான்.

"மட்டமாப் பிடிச்சுக்கோங்க. மடியில வெச்சுட்டுப் போனாலே போதும்."

பச்சைக் குழந்தையொன்று தனக்கு நடை பழக்க வந்தாற்போன்ற பார்வையை வீரன் அவன்மேல் செலுத்தினான். படியேறும் சரக்கைத் தனியாள் தூக்கலாகாது என்பது அவன் தொழிலின் முதல் சட்டம். ஆகவே உடன் வந்திருந்தான் அவன் போர்த்துணைவன், மெலிந்து நீண்ட உடலால் 'கயிறு' எனப் பெயர் பெற்றவன். இருவரும் லாரியிலிருந்து ஒரு பலகையை இறக்கினர். பலகையில் கேக்பெட்டியை ஏற்றினர். பியானோக்களும் நிலைக்கண்ணாடிகளும் போர்த்திப் பெருமை பெற்ற பழுப்புக் கம்பளியால் பெட்டியைப் போர்த்தினர். வார்ப்பட்டையால் குறுக்கே ஒரு கட்டு, நெடுக்கே ஒரு கட்டு.

"அது கேக்குங்க" என்றான் கடைக்காரன்.

"எங்களுக்கு எல்லாம் சரக்குதான்" என்றான் கயிறு.

குடியிருப்பின் வாயிலில், நெடுங்காலமாய் நோயுற்ற லிப்டின் கழுத்தில் 'பழுது' என்னும் பலகை தொங்கிற்று. வீரன் அதை நோக்கிச் சிரித்தான். லிப்டை நம்பி அவன் என்றைக்கு வாழ்ந்தான்? மேல்முனையை அவன் பற்றினான், பின்னோக்கி ஏறுவதற்கு. கீழ்முனையைக் கயிறு பற்றினான், முன்னோக்கிப் பார்த்து வழி சொல்வதற்கு. கரையுடைத்த ஆறு மேட்டை நோக்கிப் பாய்வதில்லை. ஆனால் அன்று பாய்ந்தது.

முதல் மாடியில் ஒருத்தி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்தை வீரனின் குதிகால் முன்கூட்டியே அறிந்து விரலூன்றிக் கடந்தது. இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்து, ஒரு நாய் குரைத்து, கதவு மூடியது. பலகை அசையவில்லை. அதன்மேல் ஒரு தம்ளர் நிறைய நீர் வைத்திருந்தாலும் வளையம் எழுந்திராது. அங்ஙனம் ஏறி அவர்கள் அடைந்தனர் மூன்றாம் மாடித் திருப்பத்தை. அங்கே, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பெடலை வாளெனத் துருத்தி, வழியை மறித்து நின்றது எவனோ நிறுத்திய ஒரு சைக்கிள்.

இவ்விடத்தில் தொழிலின் மறைபொருளொன்றை விளக்கியாக வேண்டும். குறுகிய திருப்பத்தில் மேலே இருப்பவன் முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் காணமாட்டான். கீழே இருப்பவனே அவனுக்குக் கண். கண் சொன்னால் கை கேட்கும். ஏன் என்று கேட்டு நின்ற கை, சுவருக்கும் பீரோவுக்கும் இடையே நசுங்கிய கை. ஆகவே பல ஆண்டுப் பழக்கத்தால் கயிற்றின் நாக்கு, அவன் மூளையைக் கலந்துகொள்ளாமலே மொழிந்தது:

"சாச்சு எடு."

சாய்த்தான் வீரன். என்ன சாய்ப்பு அது. பலகை விலாப்புறமாய் நிமிர்ந்து, சுவரைத் தொடாமல், சைக்கிளின் மணியைக்கூடத் தொடாமல், ஊசிக்காதில் நுழையும் நூலென அந்த இடைவெளியில் நழுவி மறுபக்கம் புகுந்து மீண்டும் மட்டமாயிற்று. அந்தத் தொழிலின் எந்த மூத்தவனும் அதில் பிழை காண இயலாது. ஒரே ஒரு குறை, உள்ளே இருந்தது பீரோ அல்ல. கம்பளிக்குள்ளிருந்து, ஈரத்துணி தரையில் விழுவதுபோல் மெல்லியதோர் ஓசை எழுந்தது.

"அண்ணே."

"ம்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஏறு."

மிச்சப் படிகளை அவர்கள் ஏறியதைப் பாட எமக்குச் சொல் இல்லை.

கூடத்தில் பலூன்கள் அணிவகுத்திருந்தன. மச்சான் நன்றியுரையை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். புதுத்துணி உடுத்திய மனைவி, வெளுத்து வெளுத்துத் தோலுரிந்த விரல்களைக் கைக்குட்டையில் மறைத்து நின்றாள். வீரன் பலகையை மேஜைமேல் இறக்கினான். இறகு தரை தொடுவது அதைவிட ஓசை மிக்கது. வாரை அவிழ்த்தான், கம்பளியை நீக்கினான், மூடியைத் திறந்தான்.

பனிமலை ஒரு மூலையில் சரிந்து மண்சரிவாய்க் கிடந்தது. உச்சிக் கிரீம் ஒரே தோலாய் உரிந்து பெட்டியின் பக்கச் சுவரில் அப்பியிருந்தது. அதில் செந்நிறப் பெயர் தலைசாய்த்துப் படுத்திருந்தது.

மச்சான் எட்டிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"வெச்சது நல்லாத்தான் வெச்சிருக்கீங்க மாப்ள."

யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடியது. வீரன் தலை கவிழ்ந்தான். மண் கவ்விய மன்னர்களுக்கேனும் கழற்ற மகுடம் இருந்தது. அவனுக்குக் கழற்றப் பெயர் ஒன்றுதான் இருந்தது.

"இனிமே என்னைப் பீரோன்னு" என்று தொடங்கினான்.

"செத்த இருங்க" என்றாள் மனைவி. பெட்டிக்குள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "அந்தப் பக்கம் தூக்கி இப்படிச் சாச்சுப் பிடிங்க. படிக்கணும்."

வீரன் பிடித்தான். கயிறு சொல்லாமலே கீழ்முனையைப் பற்றினான். பெட்டி விலாப்புறம் நிமிர, படுத்திருந்த பெயர் எழுந்து நின்றது. அவள் உதடு அசைய, முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒருமுறை படித்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து, துணியில் குத்திய பெயரைச் சரிபார்ப்பவளின் கவனத்தோடு.

"ஒரு எழுத்தும் கலையல அண்ணா" என்றாள் தமையனைப் பார்த்து. "பீரோ அப்படியே வந்து சேந்துடுச்சு."

கேக்கை எல்லாரும் கரண்டியால் சாப்பிட்டார்கள்.