எஃகு மனுக்களுக்கு எஃகு பீரோ

நாட்டின் எஃகுத் தொழிலை உலகப் போட்டிக்குத் தயார்ப்படுத்துவது என்று ஐம்பத்தெட்டாம் வருஷம் மேலிடம் முடிவு செய்தது. அதன் பொருட்டு வேலூரில் எஃகு ஒதுக்கீட்டு அலுவலகம் ஒன்று திறக்கப்பட்டது. ஓர் அதிகாரி, ஆறு குமாஸ்தா, ஒரு மின்விசிறி எல்லாம் உடனே வந்து சேர்ந்தன. எஃகு மட்டும் பிறகு வரும் என்றார்கள்.

ஆம்பூரில் பட்டறை வைத்திருந்த ஜம்புலிங்கம் அதை நம்பினார். வாளி செய்யும் நானும் நம்பி மனு போட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஜம்புலிங்கம் செய்வது, தோல் பதனிடும் ஷாப்புகளில் தோலில் ஒட்டிய சதையைச் சீவும் கத்தி. அப்துல் சமத் பாய் தம் ஷாப்புக்கு நாற்பது கத்தி கேட்டிருந்தார். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் இனி சீமைக் கத்திதான் என்றும் சொல்லிவிட்டார். அவரை விட்டால் பட்டறைக்கு வேறு ஆர்டர் கிடையாது.

ஜம்புலிங்கம் ஒரு டன் எஃகுக்கு மனுவும், மாதிரிக்கு ஒரு கத்தியும் கொண்டுபோனார். அதிகாரி இன்பசேகரன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேஷா இருக்கே! எதுல செஞ்சீங்க?"

"பழைய லாரி ஸ்பிரிங் பட்டைங்க சார். இப்ப அதுவும் கெடைக்கல."

"எங்க எஃகு இல்லாமலே இவ்வளவு நல்லா செய்றீங்க. உங்களுக்கு எதுக்கு உதவி?"

"அப்ப மோசமா ஒண்ணு செஞ்சு எடுத்தாரவா?"

"மோசமா செய்றவங்களுக்குக் குடுத்தா எஃகு வீணாப் போயிடுமே!"

நன்றாகவும் செய்யாமல் மோசமாகவும் செய்யாமல் கத்தி செய்வது எப்படி என்று ஜம்புலிங்கம் பஸ்ஸில் ஆம்பூர் வரை யோசித்தார். வந்த பிறகும் ஒன்றும் தோன்றவில்லை.

அவர் நச்சரிப்பு தாங்காமல், சிறுதொழில் பிரதிநிதி என்று அவரை அலுவலகத்தின் ஆலோசனைக் குழுவில் போட்டார்கள். அந்த வாரமே மாவட்டத்துக்கு ஐந்து டன் எஃகு வந்தது. அன்றைக்கே மனுக்கட்டில் கரையான் ஏறியிருந்ததும் தெரியவந்தது. அவசரக் கூட்டத்தில் இன்பசேகரன் எழுந்தார்.

"மனுவெல்லாம் அழிஞ்சா, யாருக்கு எவ்வளவு எஃகு வேணும்னு சர்க்காருக்கு எப்படித் தெரியும்? மனுக்களின் பாதுகாப்பே தொழிலின் பாதுகாப்பு. ஐந்து டன்னிலும் எஃகு பீரோ செய்யத் தீர்மானிக்கலாமா?"

முதலில் கை தூக்கியவர் ஜம்புலிங்கம். "என் மனுவும் அந்தக் கட்டுலதானே சார் இருக்குது!" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. குழுவில் பட்டறை உள்ளவர் அவர் ஒருவரே ஆனதால் பீரோ வேலையும் அவருக்கே வந்தது.

மாதக் கடைசி போயிற்று. சீமைக் கத்தி தருவிக்க அனுமதி கேட்டு அப்துல் சமத் பாய் மனுவோடு வேலூர் அலுவலகத்துக்கு வந்தார். அவருக்குப் பின்னால், என் மனு என்ன ஆயிற்று என்று கேட்க நான் நின்றேன். ஜம்புலிங்கம் பன்னிரண்டாவது பீரோவுக்குப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஜம்பு, என் கத்தி இன்னா ஆச்சு?"

"பீரோ வேல ஜாஸ்தி பாய். கத்திக்கு ஏது எஃகு? இன்னா, மனுவா? ஒரு காப்பிதானா? நாலு காப்பி போடுங்க பாய். மூணு பீரோ காலியா நிக்குது. அது நெறஞ்சாத்தான் அடுத்த பீரோவுக்கு எஃகு சாங்ஷன் ஆவும். என் ஆளுங்க பொழைக்க வேணாமா?"

பாய் முனகிக்கொண்டே காகிதம் வாங்கப் போனார். எனக்கும் நாலு தாள் வாங்கிவரச் சொன்னேன்.