கரப்பானை விரட்டிய ஜாடித் தண்ணீர்

மயிலாப்பூர்,
12.10.1995

தோல் டாக்டர் மச்சான் புகழேந்தி அவர்களுக்கு, கபாலி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் தங்கை சுலோச்சனா நலம், நான் நலம், என் கைகள் மிக மிக நலம். அங்கு உங்கள் நலத்தையும் உங்கள் களிம்பின் நலத்தையும் அறிய ஆவல்.

நீங்கள் எக்ஸிமா என்று பேர் வைத்து, களிம்பு கொடுத்தும் அடங்காத கைக் கரப்பானால் நான் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை விரித்துக் காட்டுகிறவனுக்குக் கைதானே முகம். ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா, புடவையை விட்டுவிட்டு என் விரல்களைப் பார்த்து எழுந்துபோனதும், முதலாளி என்னைக் குடோனுக்கு அனுப்பிவிட்டார். முகூர்த்த சீசனில் இருட்டில் பெட்டி அடுக்க மனசு கேட்கவில்லை. கடை வாசலில் அத்தர் விற்கும் காதர் பாய், "வேப்பிலை, குப்பைமேனி, அருகம்புல்லு, வெல்லம், எல்லாம் புளிக்கவெச்சுக் கைய முக்கிக்கினே இரு நைனா, ஓடிப்பூடும்" என்றார். ஜாடியில் போட்டுப் பால்கனியில் வைத்தேன். அது பொங்கி, பால்கனி வழியா வழிஞ்சு, கீழே இருக்கற வீட்டு ஓனர் சுப்பராமன் காயப்போட்ட வெள்ளை வேட்டியெல்லாம் பச்சையாயிடுச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டு மேலே வந்தாரு. "என்ன காய்ச்சறேள் இங்கே? மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்கோ"ன்னாரு. நான் அசரல மச்சான். காலைல, சாயந்திரம் விடாம முக்கினேன். மொதல்ல அரிப்பு அடங்கிச்சு, அப்புறம் பொருக்கு உதிர்ந்துச்சு, கை கொழந்தை கை மாதிரி ஆயிடுச்சு. முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "போ, போய்ப் புடவையை விரி"ன்னாரு. அன்னிக்கு ஒரே கல்யாண பார்ட்டி பாதி ரேக்கைக் காலி பண்ணிட்டுப் போச்சு. வீட்டுக்கு வந்தா படிக்கட்டுல சுப்பராமன். காலி பண்ணச் சொல்லத்தான் நிக்கிறாருன்னு நெனச்சேன். அக்கம்பக்கம் பார்த்து, வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டி, "நேக்கும் ரொம்ப வருஷமா இருக்கு, ஒரு பாட்டில் கிடைக்குமோ?"ன்னாரு. குடுத்தேன். இப்போ அவர் காலும் ஆறிடுச்சு, காலி பண்ற பேச்சும் இல்ல. நேத்து அவராத்து முறுக்கு ஒரு தட்டு மேலே வந்துச்சு.

வீட்டில் எல்லாருக்கும் கைகூப்பி வணக்கம். பேச்சுக்கு எழுதல, இப்போ நிஜமாவே கூப்ப முடியுது.

தங்கள் அன்பு மறவாத,
கபாலி

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்கு முன்னாடி சுலோச்சனா படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. வேட்டித் தகராறு நடந்த அன்னிக்கே நாத்தம் தாங்காம ஜாடியைச் சாக்கடையில கவுத்துட்டாளாம். அப்புறம் நான் முக்கினதெல்லாம் பழைய சோத்துத் தண்ணியாம். எனக்குச் சந்தேகம் வராம இருக்க மேலாக நாலு வேப்பிலை மிதக்க விட்டாளாம். அதுவும் புளிச்சதுதானே மச்சான். சுப்பராமன் இன்னொரு பாட்டில் கேட்டிருக்கார், ராத்திரிக்குச் சோறு கூடுதலாவே வடிக்கச் சொல்லியிருக்கேன்.