டாக்டரம்மாள் வந்த நாளில் பூனைக்குட்டிகளைத் திறந்துவிட்டது

பாதி தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பேசும்போதுதான் மனிதனுக்குக் குரல் கணீரென்று வருகிறது. முழுக்கத் தெரிந்தவன் முணுமுணுக்கிறான். ஒன்றுமே தெரியாதவன் வாயைத் திறப்பதில்லை. நான் வாழ்நாள் முழுக்கக் கணீரென்று பேசியவன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குக் கோடு போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கவேண்டும். (கோடு போடத் தெரிந்தவனுக்கு உலகமே தெரியும் என்று அந்த வயதில் ஒரு நினைப்பு.) ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஓட்டு வீடு. அதில் நானும் என் மனைவி ஞானம்மாளும் எலிகளும் குடியிருந்தோம். எலிகளே பெரும்பான்மை.

எலித் தொல்லையைக் கேள்விப்பட்ட ஒரு கப்பல் சமையல்காரர், மூன்று பூனைக்குட்டிகளைக் கூடையில் போட்டுக் கொடுத்தார். கூடவே உபதேசமும் செய்தார். முதலில் சின்ன அறையில் அடைத்து வை, ஒரு பெட்டியில் மணல் போட்டு வை, மணலைத் தவிர வேறெங்கும் அசிங்கம் பண்ணாமல் பழகியதும் வெளியே விடு என்றார். நான் விறகு அறையைக் காலி செய்தேன். பழைய தேயிலைப் பெட்டியைப் பாதியாக அறுத்து, கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வந்து நிரப்பினேன். குட்டிகள் நான்கே நாளில் பழகிவிட்டன. ஒன்று மணலைப் பறித்து, வேலையை முடித்து, மூடிவிட்டு, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்ளும். என் கீழ் வேலை பார்த்தவர்களில் சொன்னபடி கேட்டவை இந்த மூன்று மட்டும்தான்.

இந்த நேரத்தில்தான் ஞானத்துக்கு அந்தக் கடிதம் வந்தது.

அவள் எட்டாவது வரை படித்தவள். பக்கத்து வீட்டு லூர்தம்மாவுக்கு முதல் பிரசவத்தில் மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. அன்றிலிருந்து ஞானத்துக்கு ஒரே எண்ணம், தான் மருத்துவச்சிப் படிப்பு படிக்கவேண்டும் என்று. விண்ணப்பத்தை மூன்று முறை திருத்தி எழுதினாள். ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. ஒரு வருஷம் அங்கேயே விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். அதற்கு முன் ஒரு டாக்டரம்மாள் வீட்டுக்கு வந்து, சுத்தபத்தமான குடும்பமா என்று பார்த்துவிட்டுப் போவார். அந்த ஒரு பார்வைதான் பரீட்சை.

ஞானம் ஒரு வாரம் வீட்டைத் தேய்த்தாள். பாத்திரம், ஜன்னல் கம்பி, என் சட்டைக் காலர் எதையும் விடவில்லை. நானும் என் பங்குக்கு ஏதாவது செய்யவேண்டாமா? எங்கள் பக்கத்தில் கலியாணமோ பெரிய மனிதர் வருகையோ என்றால் புதுக் கடல்மணல் கொண்டுவந்து வாசலில் பரப்புவது மரியாதை. நான் மரியாதையில் குறை வைக்காதவன். எட்டுக் கூடை மணல் கொட்டினேன். வாசலோடு நிற்காமல், தரை வெடித்துக் கிடந்த முன் கூடத்திலும் மெத்தை மாதிரி பரப்பினேன். பார்க்க வெள்ளை வெளேரென்று இருந்தது. ஞானமே நின்று பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். மறுநாள் காலையில் விறகு அறைக் கதவருகே போய், "குட்டிங்கள இன்னிக்குத் தொறந்து வுட்டுடலாம்" என்றேன்.

ஞானம் திரும்பிப் பார்த்தாள். "இன்னாங்க, டாக்டரம்மா வர்ற அன்னிக்கா?"

"குட்டிங்களுக்கு எட்டு வாரம் வயசாச்சி. பெட்டியாண்ட தவிர வேற எங்கியும் போறதில்ல. அந்தம்மாவும் பாக்கட்டுமே, நம்ம வூட்ல பூனைகூட சுத்தமா கீதுன்னு."

"இப்பதான் ஒரு ரூம்பு பழகிக்கீது. அடுத்தது கூடத்த காட்டணும், அது பழகினப்புறம் அடுப்பங்கர. ஒரே நாள்ல எல்லாத்தையும் தொறந்து வுட்டா அதுங்க இன்னா பண்ணும் பாவம்? சாயங்காலம் வரைக்கும் அடைச்சே வைங்க."

"உனுக்கு இன்னா தெரியும்? கப்பல்காரன் சொன்னான்."

அவள் சேலை மாற்றப் போனாள். நான் தாழ்ப்பாளை நீக்கினேன். கணீரென்று பேசிவிட்ட பிறகு தாழ்ப்பாளை நீக்காமல் இருக்க முடியுமா?

டாக்டரம்மாள் பத்து மணிக்கு வந்தார். வெள்ளைச் சேலை, கறுப்புப் பூட்ஸ். லூர்தம்மா வீட்டிலிருந்து வாங்கிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். பாத்திரத்தைப் பார்த்தார், தண்ணீர்ப் பானையைப் பார்த்தார், ஞானத்தின் நகங்களைப் பார்த்தார். ஒரு கேள்விக்கும் ஞானம் தடுமாறவில்லை. "நல்லது" என்று அவர் சொன்னதை நானே காதால் கேட்டேன்.

அப்போது முதல் குட்டி கூடத்துக்குள் வந்தது.

அது நின்று பார்த்தது. பாவம், அதன் சின்ன ஆயுளில் இவ்வளவு பெரிய மணல்பெட்டியை அது கண்டதில்லை. நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளிப் பறித்தது. இரண்டாவது வந்து வாசற்படி அருகே பறித்தது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் செல்லம். அது டாக்டரம்மாளின் கைப்பைக்கும் பூட்ஸுக்கும் நடுவே இடம் தேர்ந்தெடுத்து உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காரியத்தை முடித்தது. பிறகு ஒழுங்காக மணலைத் தள்ளி மூடியது. அதில் பாதி கைப்பைக்குள் போயிற்று.

டாக்டரம்மாள் மூக்கில் கைக்குட்டையை வைத்தார். "இது உங்கள் வீட்டில் வழக்கம்தானா?"

ஞானம் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "அய்யய்யோ, இல்லீங்கம்மா. ரொம்பப் பழக்கின குட்டிங்க. மணல்ல மட்டும்தான் போகும்."

அவர் கூடத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நிதானமாகப் பார்த்தார். "வீடு முழுக்க மணல்தானே இருக்கிறது" என்றார்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஞானம் ரிக்ஷா வரைக்கும் பின்னாலேயே போனாள். என்ன கெஞ்சினாளோ தெரியாது. திரும்பி வந்தவள் என்னைத் திட்டவில்லை. முறத்தை எடுத்து மணலை அள்ள ஆரம்பித்தாள். எட்டுக் கூடையையும் அவளே வாரினாள். நான் உதவப் போனபோது, "நீங்க குந்துங்க" என்றாள். நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து பிறகு கடிதம் வரவில்லை. அடுத்த வருஷம் எங்களுக்கு மூத்தவன் பிறந்தான். கைக்குழந்தைக்காரியை எந்த விடுதி சேர்க்கும்? லூர்தம்மாவுக்கு மறுபடி வலி எடுத்தபோது ஞானம் ஓடினாள். மருத்துவச்சி வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது என்றாள். அந்தக் குழந்தை பிழைத்தது. ஞானம் வீட்டுக்கு வந்து நெடுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கதை மட்டும் வளர்ந்தது. இப்போது எங்கள் குடும்பத்தில் யார் எதற்கு அவசரப்பட்டாலும், "அப்பா, குட்டிங்களத் தொறந்து வுட்டுடலாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கலியாணப் பந்தியில் சொல்வார்கள், சாவு வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மாள் கைப்பையை உதறும் இடத்தை ஞானமே நடித்துக் காட்டுவாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். நானும்தான்.

போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் பிள்ளைகள் போன பிறகு அவளிடம் சொல்லிவிட்டேன். மணல் விஷயம் சத்தியமாக என் மூளைக்கு எட்டவில்லை. ஆனால் அவள் ஒரு வருஷம் விடுதிக்குப் போய்விடுவாள், திரும்பி வந்தால் தெருவே அவளைத் தேடி வரும், நான் 'மருத்துவச்சி புருஷன்' ஆகிவிடுவேன் என்று வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஏதாவது கோளாறு ஆகட்டும் என்றுதான் அந்தத் தாழ்ப்பாளை நீக்கினேன். இதையெல்லாம் சொல்லி முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. குரல் கணீரென்று வரவில்லை.

ஞானம் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "அன்னிக்கே தெரியும். உம்மேல சொன்னா பசங்க உன்ன வெறுத்துடும். அதான் பூனை மேல சொல்லிகினு கீறேன்."

அவள் என்னை 'நீ' என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.