பேருந்துக்குக் கையசைத்த குற்றம்

கோல்டர் ரன் தொடக்கப்பள்ளியில் வேலைக்காரர் என்று யாரும் கிடையாது. எல்லோரும் குடும்பத்தினர். நிர்வாகமே இதைச் சுவரில் எழுதி வைத்திருந்தது. சமையற்கூடத்தில் வேலை பார்த்த வெர்னா ஸ்டோல்ட்ஸ் குடும்பத்தில் ஒருத்தி மட்டுமல்ல, வீராங்கனையும்கூட. மே மாதத்தில் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, தோளில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, 'உணவு வீராங்கனை வாழ்க' என்று கைதட்டினார்கள். இந்த மாதிரி விழாக்கள் அப்போது எல்லாப் பள்ளிகளிலும் நாகரிகமாக இருந்தன. சம்பள உயர்வைவிடச் சிவப்புத் துணி மலிவு. துணியின் நுனி தக்காளிச் சாற்றில் விழுந்ததைத் தவிர விழா சிறப்பாகவே நடந்தது.

ஜூன் பிறந்ததும் பள்ளிக்கு விடுமுறை. வீராங்கனைகளின் சம்பளத்துக்கும் விடுமுறை. வாடகை மட்டும் ஓய்வறியாத உழைப்பாளி. மாதம் பிறந்தால் வாசலுக்கு வந்துவிடும்.

வெர்னா வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு மனு செய்தாள். மனு தள்ளுபடியானது. விடுமுறைக்குப் பின் வேலை உண்டு என்று அவளுக்கு 'நியாயமான உறுதி' வழங்கப்பட்டிருப்பதால் அவள் வேலையிழந்தவள் அல்ல என்று அலுவலகம் கருதியது. பள்ளியின் பணியாளர் அலுவலர் கிரெய்க் லிண்டால், மாணவர் எண்ணிக்கை, நிதிநிலை, தேவை, எதிர்பாராத காரணங்கள் ஆகிய யாவும் இடம்கொடுத்தால் அவளை மீண்டும் அழைக்கும் எண்ணம் இருப்பதாகத் தெரிவித்திருந்தார். அதுதான் உறுதி.

வெர்னா அவருக்குப் போன் போட்டாள்.

"கிரெய்க், எனக்கு வேலை இருக்கா, இல்லையா?"

"அதை இப்போ எப்படிச் சொல்ல முடியும் வெர்னா? பட்ஜெட் வரணும்."

"அப்போ இல்லைன்னு சொல்லிடுங்க. உதவித்தொகையாவது வரும்."

"இல்லைன்னு எப்படிச் சொல்றது? நியாயமான உறுதி குடுத்திருக்கோமே!"

"சரி, இருக்குன்னு சொல்லுங்க. வீட்டு ஓனர்கிட்ட சொல்லிக்கிறேன்."

"ஐயையோ! அப்படிச் சொன்னா நாளைக்கு நாங்க வேலை குடுத்தாகணும். நீ நம்ம குடும்பம் வெர்னா. தப்பா எடுத்துக்காதே."

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகவே எடுத்துக்கொண்டு, வீட்டுச் சொந்தக்காரர் பட் கார்வியிடம் போய், வாடகை தருவதாக நியாயமான உறுதி அளித்தாள். பட் மரியாதை தெரிந்தவர். "நானும் உன்னை வீட்டில இருக்க விடுவேன்னு நியாயமான உறுதி தரேன்மா. மழை, என் மனநிலை, வேற எவனும் அதிக வாடகை குடுக்காம இருக்கிறது, எல்லாம் இடம்கொடுத்தா" என்றார்.

வெர்னா மேல்முறையீடு செய்தாள். ஜூலையில் விசாரணை, தொலைபேசி வழியாக. விசாரணை அதிகாரியின் பெயர் நீல் ஹாஸ்கின்ஸ். பேசுவது யாவும் பதிவாகிறது என்று முதலில் எச்சரித்தார். பதிவுக் கருவியும் அதை ஆமோதித்து அவ்வப்போது 'டிக்' என்றது. மறுதரப்பு இணைப்பில் லிண்டால் இருந்தார்.

"திருமதி ஸ்டோல்ட்ஸ், பள்ளியோட கடைசி நாள் பேருந்துகளுக்குக் கையசைச்சீங்களா?" என்று ஆரம்பித்தார் ஹாஸ்கின்ஸ்.

அந்த வட்டாரத்தில் எல்லாப் பள்ளியிலும் அது வழக்கம். கடைசி மணி அடித்ததும் தலைமையாசிரியர் முதல் தரை துடைப்பவர் வரை சாலையோரம் வரிசையாக நிற்பார்கள். மஞ்சள் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டே வளாகத்தை இரண்டு சுற்றுச் சுற்றும். குழந்தைகள் ஜன்னல் வழியே கத்துவார்கள், பெரியவர்களும் பதிலுக்குக் கத்துவார்கள்.

"எல்லோரும்தான் அசைச்சோம் சார்."

"அப்போ என்ன சொன்னீங்க?"

"லீவு முடிஞ்சு பார்ப்போம் செல்லங்களான்னேன்."

பதிவுக் கருவி 'டிக்' என்று அதைக் குறித்துக்கொண்டது.

"பார்ப்போம்னு எதை வச்சுச் சொன்னீங்க?"

"எதையும் வச்சு இல்ல சார். குழந்தைங்ககிட்ட வேற என்னத்தச் சொல்றது?"

தீர்ப்பு வந்தது. மனுதாரர் தாம் பணிக்குத் திரும்பவிருப்பதைச் சாட்சிகள் முன்னிலையில், உரத்த குரலில், மகிழ்ச்சியுடன் பிரகடனம் செய்துள்ளார். ஆகவே அவர் வேலையிழந்தவர் அல்லர்.

வேலையிழக்காத வெர்னா காரை விற்று வாடகை கட்டினாள். பள்ளி திறந்ததும் கூப்பிட்டார்கள். டுவேன் பிக்கெட் ஓட்டிய மஞ்சள் பேருந்தில் குழந்தைகளோடு குழந்தையாக வேலைக்குப் போனாள். டுவேனின் மனுவும் தள்ளுபடியாகியிருந்தது.

"விசாரணையில அந்த ஹாஸ்கின்ஸ் ஹாரன் அடிச்சியாடான்னு கேட்டான். அடிச்சேன்னேன். சோகமா அடிச்சியா, சந்தோஷமா அடிச்சியான்னு கேட்டான் வெர்னா! எங்கிட்ட இருக்கிறதே ஒரே ஹாரன்தான்!"

"அடுத்த வருஷம் விக்கிறதுக்கு எங்கிட்ட கார் இல்ல டுவேன். உதவித்தொகை வரலைன்னா பட் என்னைத் தெருவில நிறுத்திடுவார். வாயைக் கட்டிக்கணும். எல்லோரும் கட்டிக்கணும்."

அடுத்த ஆண்டு கடைசி மணி அடித்தது. ஊழியர்கள் சாலையோரம் வந்து நின்றார்கள். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதல் வகுப்பு மார்லி ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்தினாள்.

"வெர்னா! லீவு முடிஞ்சதும் சதுரப் பீட்சா போடுவியா?"

"மாணவர் எண்ணிக்கை, நிதிநிலை, தேவை, எதிர்பாராத காரணம் எல்லாம் இடம்கொடுத்தா யோசிக்கலாம் கண்ணு. நம்பிக்கை மட்டும் வச்சுக்காதே."

மார்லியின் உதடு பிதுங்கியது. "டீச்சர், நீங்களாவது வருவீங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்று ஆசிரியை வானத்தைப் பார்த்தார்.

பேருந்துகள் ஹாரன் இல்லாமல் சவ ஊர்வலம் போல நகர்ந்தன. டுவேன் எச்சரிக்கையில் எல்லோரையும் மிஞ்சினான். இறங்கிய ஒவ்வொரு குழந்தையிடமும், "நல்லபடியா இரு. பெரிய ஆளானதும் இந்த டுவேனை மறந்துடாதே" என்று கைகொடுத்து அனுப்பினான்.

அழுதுகொண்டே வீட்டுக்குப் போன குழந்தைகளைப் பார்த்துப் பெற்றோர் நடுங்கினார்கள். பள்ளியை மூடப்போகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். ஏற்கெனவே மூடிவிட்டார்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். பக்கத்து ஊரில் அப்போதுதான் ஒரு புதுப்பாணிப் பள்ளி திறந்திருந்தார்கள். அங்கே மேசைகள் கிடையாது, தியான அறையும் கோழிக்கூடும் உண்டு. கோழிகளைப் பார்த்தால் பிள்ளைகளின் தலைமைப்பண்பு வளருமாம். ஊரில் பாதிப் பேர் பிள்ளைகளை அங்கே சேர்த்துவிட்டார்கள்.

பள்ளி திறக்கும் நேரத்தில் கோல்டர் ரன்னில் பாதி வகுப்பு காலி. சமையற்கூடம் மூடப்பட்டது. சாப்பாடு இனி வேறெங்கிருந்தோ உறைபோட்டு லாரியில் வரும். டுவேனின் பேருந்தும் நின்றது. வெர்னாவுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் கலப்படமில்லாத, முழுமையான வேலையின்மை கிடைத்தது. அவள் தலைநிமிர்ந்து மனு செய்தாள். விசாரணை முடியும்வரை வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று பட் இரக்கப்பட்டார்.

மறுபடியும் ஹாஸ்கின்ஸ். மறுபடியும் 'டிக்'. வெர்னா பாத்திரங்களைக் கட்டிவைத்த பெட்டியின்மேல் உட்கார்ந்து பேசினாள். எதற்கும் இருக்கட்டும் என்று கட்டி வைத்திருந்தாள்.

லிண்டாலின் குரல் தழுதழுத்தது. "குடும்பத்துல ஒருத்தியே இப்படிச் செய்வான்னு நாங்க நினைக்கலை சார். பிள்ளைகளை மிரட்டி விரட்டி, இருந்த வேலையைத் தானே கெடுத்துக்கிட்டா. இது ஒழுங்கீனம். ஒழுங்கீனத்தால வேலை போனா உதவித்தொகை கிடையாது."

"திருமதி ஸ்டோல்ட்ஸ், இந்த வருஷம் ஏன் 'பார்ப்போம்'னு சொல்லலை?"

"நீங்கதானே சார் சொல்லக் கூடாதுன்னீங்க!"

"சொல்லக் கூடாதுன்னு நாங்க சொல்லலை. சொன்னீங்கன்னுதான் சொன்னோம்."

"சொன்னா வேலை இருக்கு, காசு இல்லை. சொல்லலைன்னா வேலையும் இல்லை, காசும் இல்லை. நான் என்னதான் சொல்லியிருக்கணும்?"

"அது குறித்து அறிவுரை வழங்க இந்த விசாரணைக்கு அதிகாரம் இல்லை."

மனு தள்ளுபடி. லிண்டால் எல்லோருக்கும் இனிய நாள் வாழ்த்திவிட்டு இணைப்பைத் துண்டித்தார். வெர்னா பெட்டியைவிட்டு எழவில்லை. எழுந்து போக இடம் யோசிக்க வேண்டியிருந்தது.

ஹாஸ்கின்ஸும் போனை வைக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்கு மட்டும்தான் கஷ்டம்னு நினைக்காதீங்கம்மா. எப்படியும் தள்ளுபடிதான்னு தெரிஞ்சு பள்ளிக்காரங்க யாருமே இப்போ மனு போடறதில்லை. அதனால விசாரணைக்கு ஆள் வேண்டாம்னுட்டாங்க. இந்த வெள்ளிக்கிழமையோட என் ஒப்பந்தம் முடியுது. பதினாறு வயசுல பெண்ணு, வீட்டுக்கடன்... நானும் மனு போடலாம்னு இருக்கேன்."

வெர்னா இயல்பிலேயே இளகிய மனசுக்காரி.

"அடப்பாவமே! மறுபடி கூப்பிட மாட்டாங்களா சார்?"

"கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்க. எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார் ஹாஸ்கின்ஸ், உற்சாகமாக.

'டிக்' என்றது கருவி.

ஹாஸ்கின்ஸ் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "இது... பதிவாகியிருக்குமோ?" என்று கேட்டார்.

"எல்லாமே பதிவாகும்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"ஐயோ! இப்போ நான் என்னம்மா பண்றது?"

"கவலையை விடுங்க சார்" என்றாள் வெர்னா. "உங்களுக்கு வேலையே போகலை."