வெஸ்ட்லியில் மூளாத தீ

பயணம் போய் வந்து பொய் சொல்வதில் பெரிய குற்றமில்லை. எல்லோரும் சொல்வதுதான். ஆனால் "எங்கே, செய்து காட்டுங்கள்" என்று யாராவது கேட்கக்கூடிய பொய்யைச் சொல்லக் கூடாது. நாற்பத்தெட்டு வயதில், ஒஸ்லோவில், இடுப்பில் கட்டிய சாரத்தோடு பனியில் நின்று நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

ஐப்பசிப் பள்ளி விடுமுறையில் நமீபியா போயிருந்தோம்: நான், மனைவி மங்கை, பதினேழு வயது மகள் துளசி. உலகம் 'புஷ்மன்' என்று அழைக்கும் சான் மக்களின் ஊர் ஒன்றில், வருகிறவர்களுக்குத் தங்கள் வித்தைகளைப் பழக்குவார்கள். தடம் பார்ப்பது, கண்ணி வைப்பது, குச்சி கடைந்து தீ மூட்டுவது. எங்களுக்குப் பழக்கியவர் டோமா. முப்பது வயதிருக்கும். பாடத்துக்காகத் தோலாடை கட்டியிருந்தார். அவருடைய ஜீன்ஸ் பக்கத்து மரக்கிளையில் தொங்கியது. அவர் மனைவி நிழலில் உட்கார்ந்து தீக்கோழி முட்டை ஓட்டில் செய்த மணிகளைக் கோத்துக்கொண்டிருந்தார்.

டோமா ஒரு குச்சியைத் தரையில் கிடத்திக் காலால் மிதித்தார். அதிலிருந்த குழியில் இன்னொரு குச்சியை நிறுத்தி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் மத்துப்போலக் கடைந்தார். கரித்தூள் விழுந்து புகைந்தது. அதைக் காய்ந்த புல்லில் பொதிந்து ஊதினார். நெருப்பு. நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கழற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் பௌதிக ஆசிரியன். பதினெட்டு வருடங்களாக உராய்வைப் பற்றி வகுப்பெடுக்கிறவன் (தூங்காமல் கேட்ட மாணவர்களும் உண்டு). ஆகவே டோமாவுக்கே உராய்வைப் பற்றி ஐந்து நிமிடம் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டார். பிறகு மங்கையிடம் திரும்பினேன்.

"எங்கடை ஆக்களும் யாகத்துக்கு அரணிக்கட்டை கடைஞ்சவைதானே. இது எங்கடை ரத்தத்திலை இருக்கு."

"உங்கடை ரத்தத்திலை சீனிதான் இருக்கு," என்றாள் மங்கை.

இரண்டு மணித்தியாலம் கடைந்தேன். உள்ளங்கையில் நான்கு கொப்புளம் வந்தது. குச்சி வெதுவெதுப்பானது. துளசி, டோமாவின் மனைவியோடு மாறிமாறிக் கடைந்து, பதினைந்தாவது நிமிடத்தில் நெருப்பை எடுத்துவிட்டாள்.

டோமா என் பக்கத்தில் குந்தி ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் ஊரில் எப்படி அடுப்பு மூட்டுவீர்கள்?"

"பட்டனை அழுத்துவோம்."

அவர் என் கைகளைப் பார்த்தார். "நல்ல வழி. அதை விட்டுவிடாதீர்கள்," என்றார். அவர் மனைவி சிரித்த சிரிப்பில் கோத்த மணிகள் பாதி மண்ணில் கொட்டின. புறப்படும்போது இரக்கப்பட்டு ஒரு சோடிக் குச்சியும் தந்தார்கள்.

ஒஸ்லோ திரும்பியதும் கதை தானாகத் திருந்திக்கொண்டது. ஆசிரியர் அறையில் நான் பத்து நிமிடத்தில் தீ மூட்டினேன். பேர்கனில் இருக்கும் மச்சானிடம் தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் மூட்டினேன். தை மாதம், வெஸ்ட்லிப் பகுதியில் இருக்கும் எங்கள் மாடிக்கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்த கார்த்திக்கும் அவர் மனைவியும் சாப்பிட வந்தபோது ஒரு நிமிடத்தில் மூட்டியிருந்தேன். கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலை, எதையும் நம்பும் நல்ல மனுஷன்.

"செம அண்ணா. இப்ப ஒரு தடவை பண்ணிக் காட்டுங்களேன், வீடியோ எடுத்துக்கிறேன்."

துளசி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் சோறு ஆறுவதற்குள் விஷயம் முடிந்திருக்கும். நானோ எழும்பிப் போய்க் காற்சட்டையைக் கழற்றிச் சாரம் கட்டிக்கொண்டு வந்தேன் (குந்துவதற்கு வசதி). பல்கனியில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு. ஆகவே குசினித் தரையில் கேக் தட்டை வைத்தேன். காய்ந்த புல்லுக்கு, நத்தார் மரத்தடியில் வைக்க மங்கை ஆசையாக வாங்கிய வைக்கோல் ஆட்டுப் பொம்மையைப் பிய்த்தேன்.

"என்னப்பா, அது என்ரை ஆடு," என்றாள் மங்கை.

"அப்பா, ரோய்க்வாஷ்லர் மேலைதான் இருக்கு," என்று கூரையிலிருந்த புகை அறிவிப்பானைக் காட்டினாள் துளசி.

"நெருப்பு டக்கெண்டு பிடிச்சிடும். புகை எங்கை வரப்போகுது?"

எனக்குக் கை ஓய்ந்தபோது கார்த்திக் கடைந்தார். அவருக்கு ஓய்ந்தபோது நான். இருபதாவது நிமிடம் கரித்தூள் கறுத்துப் புகைந்தது. வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை (மங்கைக்கு இது தெரியும்). ஆட்டுக்குள் கொட்டி மூச்சைப் பிடித்து ஊதினேன். ஆடு புகைந்தது. இன்னும் ஊதினேன். இன்னும் புகைந்தது. குசினியில் கார்த்திக்கைக் காணவில்லை. இருமல் மட்டும் கேட்டது.

பிறகு பதினொரு மாடியிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது.

கட்டடம் முழுவதும் பனிக்குள் இறங்கி நின்றது. நாலாம் மாடிப் போலந்துக்காரர் தலையில் ஷாம்பு நுரையோடு வந்திருந்தார். நுரை உறையத் தொடங்கியிருந்தது. குடியிருப்புச் சங்கத் தலைவி பெரித் பூனையை ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தார். நான் சாரத்தோடு, மேலே மங்கையின் ஊதாக் குளிர்ச்சட்டையோடு, கையில் குச்சிகளோடு நின்றேன். சாரத்துக்குள் காற்றுப் புகுந்த விதத்தை எழுத முடியாது.

தீயணைப்பு வண்டியிலிருந்து ஓர் இளம் பெண் குதித்து ஓடிவந்தார். "எங்கே எரிகிறது?"

"எங்கும் எரியவில்லை," என்றேன் நொர்வீஜிய மொழியில். "அதுதான் பிரச்சினை."

அவர் குச்சிகளைப் பார்த்தார். மேலே போய்க் குசினியையும் கருகிய ஆட்டையும் பார்த்துவிட்டு வந்தார். "தீ ஏதும் இல்லை," என்று எல்லோரும் கேட்கச் சத்தமாக அறிவித்தார். சனம் நிம்மதியாகக் கைதட்டியது. என் மானம் போனதற்குக் கைதட்டல் விழுந்தது அன்றைக்குத்தான்.

கார்த்திக் பல் கிடுகிடுக்கக் கேட்டார்: "குளிர்லதான் பிடிக்கலையோ அண்ணா? ஆப்பிரிக்காவுல ஒரு நிமிஷத்துல..."

"அங்கையும் அப்பாக்கு வரேல்லை, அங்கிள்," என்றாள் துளசி. "நான்தான் மூட்டினனான்."

கார்த்திக் என்னையும் என் கையிலிருந்த குச்சிகளையும் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துப் பனியில் குந்திவிட்டார். மங்கை சேர்ந்தாள். விஷயம் விளங்காமலே போலந்துக்காரரும் சேர்ந்தார். கடைசியில் நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது, சூடாவது வரட்டும் என்று.

அடுத்த வாரம் லிஃப்டில் ஒட்டியிருக்கும் வீட்டு விதிகளில் ஒன்று கூடியிருந்தது. பல்கனியில் கரி அடுப்பு கூடாது என்பதற்கும் நாயைக் கட்டிக் கூட்டிவர வேண்டும் என்பதற்கும் நடுவில், பெரித்தின் சுத்தமான நொர்வீஜிய மொழியில்: 'குச்சிகளை உரசித் தீ மூட்டுவது தடைசெய்யப்பட்டுள்ளது.'

எங்கள் வீட்டுக்கு வரும் எந்த விருந்தாளியும் அதை வாசிக்காமல் மேலே வர முடியாது. கதவைத் திறந்ததும் முதல் கேள்வியே அதுதான். பதில் சொல்வது துளசியின் வேலை.

"அது அப்பாக்குப் போட்ட சட்டம்," என்பாள், சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக்கொண்டே. "ஆனா தேவையில்லாத சட்டம். அவருக்கு நெருப்பு வராது."