மிளகாய் மண்டித் துண்டும் என் ரெட்ரோவும்

"மனசு விட்டுப் பேசுங்க" என்று சொல்லிப் பாருங்கள், சுற்றியிருக்கும் அத்தனை பேரும் உடனே செல்போனை எடுத்துக்கொள்வார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகம். நான் அங்கே குழுத்தலைவியாகி ஒரு வருஷம். ஒவ்வொரு கட்ட வேலை முடிந்ததும் "ரெட்ரோ" என்று ஒரு கூட்டம் போடுவோம். எது நன்றாக வந்தது, எது சொதப்பியது என்று எல்லாரும் சொல்ல வேண்டும். "குழப்பமில்லா சேச்சி" என்பார்கள். (பரவாயில்லை அக்கா என்று அர்த்தம். உள்ளே எவ்வளவு குழப்பம் என்பது அவரவருக்கே வெளிச்சம்.)

அந்த முறை எனக்கு ஒன்று தெரிந்தே ஆகவேண்டியிருந்தது. நிஷா வேலையை விடப் போகிறாளாம். பாலக்காட்டுத் தமிழ்ப்பெண், எங்களில் படு கெட்டிக்காரி. அவள் போனால் நாங்கள் எல்லாரும் சேர்ந்து முழிக்க வேண்டியதுதான். ஏன் போகிறாள்? நேராகவே கேட்டேன். "என்ன நிஷா, சம்பளமா? சம்பளமாத்தான் இருக்கும். நான் மேனேஜர்கிட்ட பேசுறேன், போ." அவள் லேசாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். காரணம் தெரியாமல் எனக்கு மண்டை காய்ந்தது.

ஒருநாள் படியிறங்கும்போது, கீழே மண்டியில் இரண்டு வியாபாரிகள் கையை ஒரு துண்டால் மூடிக்கொண்டு முறைத்தபடி நின்றார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்களாம். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. அடுத்த ரெட்ரோ இப்படித்தான்! பெயர், "மண்டி ரெட்ரோ". ஒவ்வொருவராக வந்து துண்டுக்குள் என் விரலைப் பிடிக்க வேண்டும். வேலை பிரமாதம் என்றால் ஐந்து விரல், மோசம் என்றால் ஒன்று.

நிஜத் துண்டு இருந்தால்தானே களை கட்டும்? கீழே போய் மண்டிக்காரரிடமே கேட்டேன்.

"மோளே, இது வேணுமா? கழுவினதில்லையே" என்றார்.

"அதுதான் அழகு, காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன். (அறிவாளி!)

முதலில் ஜிதின் வந்தான். எங்கள் குழுவின் கோமாளி. துண்டுக்குள் கையை விட்டு, மீசை இல்லாத இடத்தில் மீசையை முறுக்கிக் காட்டி, நாலு விரல் பிடித்தான். பிறகு மூக்கைச் சொறிந்தான். அடுத்த இருவரும் வந்து போனார்கள். கடைசியில் நிஷா. ஒரே ஒரு விரல்.

நான் அதிர்ந்து அவளைப் பார்ப்பதற்குள் ஜிதின் தும்ம ஆரம்பித்தான். பின்னாலேயே எல்லாரும் தும்மினார்கள். கண்ணைக் கசக்கினார்கள், அந்தக் கையாலேயே. நான் மட்டும் சமயோசிதமாகத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

சரியாக அப்போது கலூர் அலுவலகத்திலிருந்து மேனேஜர் வீடியோவில் வந்தார். திரையில் ஐந்து பேர் தாரை தாரையாக அழுதுகொண்டிருந்தோம்.

"ஷமீமா, எந்து பற்றி? ஆரெங்கிலும் மரிச்சோ?" என்று எழுந்தே நின்றுவிட்டார். (என்ன ஆச்சு, யாராவது செத்துவிட்டார்களா என்கிறார்.)

பேச வாயெடுத்தால் இருமல்தான் வந்தது. எப்போதும் எல்லாருக்கும் சேர்த்துப் பேசுகிற எனக்கு! அந்தச் சந்தில் நிஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்:

"சார், யாரும் மரிக்கல. ஒண்ணு சொல்லணும், இப்பத்தான் கேப் கிடைச்சிருக்கு. ஷமீமாக்கா நல்லவங்கதான். ஆனா கேள்வியும் அவங்களே கேப்பாங்க, பதிலும் அவங்களே சொல்லிடுவாங்க. ஒரு கொல்லமா, ஒரு வருஷமா சார், நான் ஒரு வாக்கியம் முழுசா முடிச்சதில்ல. அதான் போறேன்."

மற்ற மூவரும் அழுதுகொண்டே தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதன்பின் வந்த கண்ணீரில் மிளகாய்க்குப் பங்கு இல்லை.

"அப்படின்னா நீ என்ன சொல்ல வர்றேன்னா..." என்று ஆரம்பித்தேன். ஜிதின் துண்டை என் வாய்க்கு நேராக நீட்டினான். நான் மூடிக்கொண்டேன். நிஷா முதல்முறையாகக் கடைசிவரை பேசினாள். போகவும் இல்லை.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. நேற்று மாலை சுள்ளிக்கல் வீட்டில் கணவரிடம், "ஏங்க, சாயா வேணுமா? வேணாம், இப்பத்தானே குடிச்சீங்க" என்றேன். உள்ளறையிலிருந்து என் மகள் ஒரு துண்டைக் கொண்டுவந்து என் தோளில் போட்டுவிட்டு, அவள் அப்பாவைப் பார்த்து, "வாப்பா, இப்ப சொல்லுங்க" என்றாள்.

அவருக்குச் சாயா வேண்டுமாம்.