தொண்ணூற்றெட்டு சதவீதம்

ஒழுங்காக இருக்கிறவனை நம்பி எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கலாம் என்று எல்லாக் குடும்பங்களிலும் ஓர் எண்ணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் அந்த எண்ணத்தை ஒரே காலைப்பொழுதில் ஒழித்துக்கட்டியவன் நான்.

நெற்குப்பையில் உள்ள எங்கள் பூர்வீக வீடு ஐந்து பங்காளிகளுக்குப் பொது. மற்ற நால்வரும் வெளியூரில் இருப்பதால் வாசல் கதவின் சாவி காரைக்குடியில் இருக்கும் என்னிடம். (ஒரு சாண் நீளம் இருக்கும் அதைச் சட்டைப்பையில் போட முடியாது. இடுப்பில் செருகினால் கொலைக்குப் போகிறவன் மாதிரி தெரியும்.) “அவன்ட்ட இருந்தா பேங்க்ல இருந்த மாதிரி” என்பார் என் பெரியப்பா மகன் சொக்கலிங்கம் அண்ணன்.

அப்படிச் சொன்னவரின் மகன் கல்யாணத்தில்தான் நான் கை வைத்தேன்.

அண்ணன் மகன் அண்ணாமலைக்கு இரண்டு இடம் பேசி, இரண்டும் முறிந்திருந்தன. மூன்றாவதாக மதுரையில் ஓர் இடம் அமைந்தது. பெண்ணின் அப்பா எல்லாவற்றுக்கும் “பார்ப்போம்” என்று சொல்கிற மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணோடு வந்து பூர்வீக வீட்டைப் பார்த்து, எமகண்டம் பிறக்கும் முன்பே, அதாவது பகல் பன்னிரண்டுக்குள், பேசி முடித்துக்கொள்வதாக ஏற்பாடு. அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தார்.

“அவுக மேலூர் தாண்டுனதும் கூப்பிடுறேன். நீ கெளம்புனாச் சரியா இருக்கும்.”

“முன்னாடியே வந்து திறந்து வைக்கவாண்ணே?”

இப்படி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சனிக்கிழமையே ஆள் வைத்து வீட்டைக் கழுவித் துடைத்துப் பூட்டியிருந்தேன். விருந்தாளிக்கு முன்பாகத் தூசியை உள்ளே விடுவானேன் என்பது என் கொள்கை.

அந்த நாட்களில் எனக்கு இன்னொரு கவலை இருந்தது. படுக்கும்போது என் போனில் நூறு சதவீதம் சார்ஜ் இருக்கும். விடிந்து பார்த்தால் நாற்பது. கடைக்காரர் சொன்னாரென்று பேட்டரியை மாற்றினேன். புதிய பேட்டரி பழையதைவிட உற்சாகமாகக் காலியானது.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எதையும் முறைப்படி விசாரிக்காமல் விடுவதில்லை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். முதலில் திரையின் வெளிச்சம். (ஒரு வாரம் போனைத் துண்டால் மூடிக்கொண்டு படித்தேன்.) பிறகு இருப்பிடம் காட்டுவது. அடுத்தது திரையிலிருந்த பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் படம். வண்ணப்படம் சார்ஜைத் தின்னும் என்று யாரோ சொல்ல, பிள்ளையாரை எடுத்துவிட்டுக் கறுப்பாக்கினேன். என் மனைவி சிவகாமி அதை மட்டும் மன்னிக்கவில்லை.

“போனை ரிப்பேர் பாக்குறீகளா, சாமியை வெளிய அனுப்புறீகளா?”

மிச்சமிருந்தது ஒரே சோதனை. விமானப் பயணத்துக்கான ‘ஃப்ளைட் மோட்’ நிலையில் போனை இரவு முழுக்க வைப்பது. அப்போதும் சார்ஜ் இறங்கினால் குற்றவாளி பேட்டரி. இறங்காவிட்டால் வேறு எவனோ. சனிக்கிழமை படுக்கும் முன் அதைப் போட்டு, போனை அதற்குரிய இடத்தில் வைத்தேன். (என் வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய இடம் உண்டு.)

ஞாயிறு காலை எடுத்துப் பார்த்தால் தொண்ணூற்றெட்டு.

அந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது. வீட்டில் சொல்லவும் ஆளில்லை. சிவகாமி விருந்தாளிகளுக்குப் பலகாரம் செய்யக் கீழச்சிவல்பட்டியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்தே நெற்குப்பைக்கு வந்துவிடுவாள். நான் குளித்து, பட்டுக்கரை வேட்டி கட்டி, சாவியை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணனின் அழைப்புக்காக உட்கார்ந்தேன். அவ்வப்போது போனைப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. காபி குடித்தேன். தொண்ணூற்றெட்டு. அழைப்புதான் வரவில்லை. மதுரைக்காரர்கள் தாமதம் என்று நினைத்துக் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

பதினொரு மணி நெருங்கும்போது அடுத்த வீட்டு மீனாட்சி ஆச்சி தன் போனைக் கையில் ஏந்தியபடி ஓடி வந்தார். “சிவகாமி பேசுறா. ஒங்களுக்கு ஒண்ணுமில்லையேன்னு அழுகுறா.”

வாங்கிக் காதில் வைத்தேன்.

“எங்க இருக்கீக?”

“வீட்லதான்.”

“ஒங்க போன் எங்க?”

“கையிலதான் இருக்கு. தொண்ணூத்தெட்டு சதவீதம், தெரியுமா? ராத்திரி பூராவும்...”

அழுகையெல்லாம் அடங்கிய குரலில் சொன்னாள். “பொண்ணு வீட்டுக்காரவுக தெருவுல நிக்கிறாக.”

அதற்குப் பிறகு நான் ஸ்கூட்டர் ஓட்டிய வேகத்தை எழுதினால் வழக்குப் போடுவார்கள்.

நெற்குப்பை போய்ச் சேர்ந்தபோது எமகண்டத்துக்குக் கால் மணி இருந்தது. பட்டும் நகையுமாகப் பதினைந்து பேர் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றபடியே தேன்குழல் தின்றுகொண்டிருந்தார்கள். சிவகாமி பலகார டப்பாவைத் தெருவிலேயே திறந்துவிட்டிருந்தாள். அண்ணன் முகத்தில் ரத்தமில்லை. பெண்ணின் அப்பா என்னைப் பார்க்கவில்லை, பூட்டைப் பார்த்தார்.

“பார்ப்போம், பார்ப்போம்னு நானும் ரொம்ப நேரமாப் பாத்துட்டேன்” என்றார்.

அந்த இடத்தில் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். நானோ காரணத்தை முறைப்படி விளக்கத் தொடங்கினேன். வெளிச்சத்திலிருந்து ஆரம்பித்து, பிள்ளையார் வழியாக, விமானத்துக்கு வந்தேன்.

“இப்ப யாரும் ஒன்னயக் கேக்கல” என்றார் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“நான் கேக்குறேன்” என்றது ஒரு குரல். பெண் உமையாள். “ராத்திரியில மட்டுந்தான் எறங்குதா மாமா?”

“ஆமாத்தா. லீவு நாள்ல பகல்லயும்.”

“வீட்ல இருக்கப்ப போனை எங்க வைப்பீக?”

“அதுக்குன்னு எடம் இருக்கு. இரும்புப் பெட்டியில.”

“எந்த இரும்புப் பெட்டி?”

“எங்க ஐயா காலத்துப் பணப்பெட்டி. ரெண்டு பேரு சேந்து தள்ளுனாலும் அசையாது. உள்ள வச்சுப் பூட்டிருவேன்.”

அவள் கையிலிருந்த தேன்குழலை டப்பாவில் திரும்ப வைத்தாள். “அந்தப் பெட்டிக்குள்ள டவர் எப்படி மாமா கெடைக்கும்? பாவம், அது விடிய விடியத் தேடிக்கிட்டே கெடந்திருக்கு. அதான் சார்ஜ் போயிருச்சு.”

எனக்கு அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. வீட்டில் இருக்கும்போது எனக்கு அழைப்பே வருவதில்லை; என் ஓய்வு நேரத்துக்கு ஊர் மரியாதை கொடுக்கிறது என்று பல மாதமாகப் பெருமைப்பட்டிருந்தேன்.

முதலில் சிரித்தது பெண்ணின் அப்பாதான். தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “போனைப் பெட்டியில வச்சுப் பூட்டுற குடும்பம். நம்ம பொண்ணைப் பத்திரமா வச்சுக்கிருவாக. கதவைத் தெறங்கய்யா, நேரமாகுது.”

எமகண்டம் பிறப்பதற்குள் தட்டு மாற்றியாகிவிட்டது. முகப்பைத் தாண்டி அவர்கள் உள்ளே போகவே இல்லை. நான் கழுவித் துடைக்க வைத்த ஐந்து பத்தித் தாழ்வாரங்களையும் யாரும் பார்க்கவில்லை.

இப்போது அந்த வீட்டுக்கு ஐந்து சாவிகள். போன் கூடத்து ஜன்னலோரம் இருக்கிறது, பிள்ளையாரும் திரைக்குத் திரும்பிவிட்டார். எங்கள் உறவில் யாராவது போனை எடுக்காவிட்டால், “பெட்டியில இருக்காக போல” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

போன மாதம் உமையாளுக்கு மகள் பிறந்தாள். சேதி சிவகாமியின் போனுக்கு வந்தது. எல்லா விவரமும் சொல்லி முடித்துவிட்டு உமையாள் கடைசியாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

“மாமா பெட்டியில இருந்து வெளிய வந்ததும் சொல்லிருங்க அத்தை.”

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். போன் கையில். எழுபத்தொரு சதவீதம்.